தடைகள் தளரும் காலத்தில் டர்பனில் ஒரு தமிழ் மிஷனை நடத்துவது

தென்னாப்பிரிக்காவில் கொரோனாவுக்காக அறிவித்திருந்த தேசியப் பேரிடர் நிலை 2022 ஏப்ரல் 5-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. ஆனால் கிறிஸ்தவச் சபைகள் திறக்கலாம் என்ற அனுமதி அதற்கு வெகு முன்பே வந்தும் போயும் கொண்டிருந்தது. 2020 ஜூன் 1-இல் 50 பேர் வரை கூடலாம் என்றார்கள். அந்த டிசம்பர் கடைசியில் மறுபடி மூடல். 2021 பிப்ரவரியில் திறப்பு, மூன்றாம் அலையில் ஜூன் 28-இல் மீண்டும் மூடல், ஜூலை கடைசியில் திறப்பு, அக்டோபரில் உள்ளரங்கில் 750 பேர் வரை. முகக்கவசமும் கூட்ட வரம்பும் விதிகளிலிருந்தே நீங்கியது 2022 ஜூன் 22-இல்தான்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு சிறு குழுவோடு வந்து டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் ஊழியம் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தேதிகள் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. அரசு சொல்லும் எண் ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். யாரை முதலில் பார்க்கப் போவது, எதை முதலில் திறப்பது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது என்பதெல்லாம் மிஷன் தலைவரின் பொறுப்பு. கூடத்தைத் திறப்பதில் தொடங்கினால் நடக்க முடிந்தவர்கள்தான் வருவார்கள். துக்கத்தில் இருப்பவர்களும் முதியவர்களும் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் வீடுகளில் தொடங்கிக் கூடத்துக்கு வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இங்கே தமிழர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வேலை ஓடாது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் வந்தவர்களின் வழி வந்தவர்கள் இவர்கள். கரும்புத் தோட்டம், ரயில்வே என்று வேலை பார்த்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் பெரும்பாலும் பாட்டிலும் ஜெபத்திலும்தான் இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆயாவும் தாத்தாவும் மனப்பாடமாகப் பாடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு மெட்டு தெரியும், பொருள் தெரியாது. ஒரே குடும்பத்தில் அண்ணன் சபைக்கும் தங்கை மாரியம்மன் கோவிலுக்கும் போவது இங்கே சாதாரணம். இதை மனதில் வைத்தே ஒவ்வொரு ஏற்பாடும்.

முதல் வேலை, நின்றுபோன துக்கம். ஊரடங்கில் அடக்கத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது, இரவு விழிப்பு கூடாது, முடிந்தபின் வீட்டில் கூடிச் சாப்பிடக் கூடாது. 2022 மார்ச்சில்தான் அடக்க வரம்பு 200 ஆனது. கொரோனா அலைகளில் இறந்தவர்களின் பிள்ளைகளில் பலர் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தவர்களில் பலரால் மாகாணம் தாண்டி வர முடியவில்லை. தடை தளர்ந்த உடனே இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நினைவு ஆராதனையை எதிர்பார்க்கிறார்கள், ஆனால் வாய்விட்டுக் கேட்பதில்லை. நாமாகவே போய்க் கேட்க வேண்டும்.

மொத்தமாக ஒரே நாளில் எல்லோருக்குமாக ஒரு பெரிய நினைவுக் கூட்டம் வைப்பது எளிது, ஆனால் பலன் குறைவு. ஒருவர் பெயர் வாசித்து அரை நிமிடத்தில் அடுத்த பெயருக்குப் போய்விடும். ஒரு மாலைக்கு நான்கைந்து குடும்பம் போதும். இறந்தவரின் பெயரைக் குடும்பத்தினர் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே எழுதி வாங்குங்கள். சான்றிதழில் இருக்கும் பெயரை வாசித்தால் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. ஒரு புகைப்படம், ஒரு மெழுகுவர்த்தி, இறந்தவருக்குப் பிடித்த ஒரு பாட்டு. குடும்பத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். பேச முடியாதவர் எழுதிக் கொடுத்தால் நாம் வாசிக்கலாம். இந்து உறவினர்கள் நிச்சயம் வருவார்கள். பதினாறாம் நாள் காரியத்தைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே என்ற குறை அவர்களுக்கும் இருக்கிறது. அவர்களுக்கும் பேச இடம் கொடுங்கள். அந்த மாலையில் மனமாற்ற அழைப்பு கொடுப்பது துக்கத்தைச் சந்தர்ப்பமாக்குவது. அதைக் குழுவில் யாரும் செய்யக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுச் சந்திப்பு அடுத்தது. காலையில் போன் செய்து காய்ச்சல், இருமல், தொண்டை வலி யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டபின்தான் கிளம்ப வேண்டும். இதே கேள்வியை நம் குழுவினரிடமும் கேட்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் பழைய கவுன்சில் வீடுகள், அதாவது நகராட்சி வீடுகள், ஒட்டிக் கட்டியவை. அறைகள் சிறியவை, மூன்று தலைமுறை ஒரே கூரைக்குக் கீழ். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்தால் காற்று நகராது. ஆகவே வராந்தா, முற்றம், வாசல்படி. இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி.

இதில் வரும் சிக்கல் டீ. வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது இங்கேயும் அவமரியாதை. "வேண்டாம்" என்று வெறுமனே சொன்னால் ஆயாவின் முகம் வாடும். தொற்று அதிகமாக இருந்த வாரங்களில் குழுவில் ஒரு தம்பி, "ஆயா, இன்னிக்கு வெளியிலேயே உட்காருவோம், டீயை இங்கேயே கொண்டாங்க, நான் தள்ளி உட்கார்ந்து குடிக்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். முகக்கவசத்தைக் கழற்றும் அந்த ஐந்து நிமிடம் திறந்த வெளியில், இரண்டு மீட்டர் தள்ளி. கொடுக்கிறவருக்கும் மனம் நிறையும்.

போகும்போது பார்க்க வேண்டியவை நான்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா? கிளினிக்குக்குப் போகப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் நிறைய. நாள்பட்ட நோய் மாத்திரையை அருகிலுள்ள மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள அரசுத் திட்டம் இருக்கிறது, கிளினிக் நர்ஸிடம் பதிந்தால் போதும். தடுப்பூசி போட்டாயிற்றா? அறுபது தாண்டியவர்களுக்குப் பதிவு 2021 ஏப்ரலிலேயே தொடங்கியது. ஆனால் பதிவு இணையத்திலும் போனிலும் நடந்ததால் பேரப்பிள்ளை இல்லாத வீடுகள் விடுபட்டுப் போயின. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நாமே பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடியும். வேலை இழந்தவர் வீட்டில் இருந்தால் அரசின் மாத உதவித்தொகைக்கு (2022-இல் 350 ராண்ட்) விண்ணப்பித்தாரா? கடைசியாக, இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, எடை குறைவு என்றால் கொரோனாப் பரிசோதனையோடு நிறுத்திவிடக் கூடாது. காசநோய் மிக அதிகமான நாடுகளில் ஒன்று இது. "கொரோனா இல்லையாம்" என்று கேட்டு நிம்மதியாகி, காசநோயை மாதக்கணக்கில் வளரவிட்ட குடும்பங்கள் உண்டு. சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு கிளினிக்கில் இலவசம்.

ஜூன் மாதத்தில் டர்பனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டியபின் சந்திப்பு வைக்கக் கூடாது. பாதுகாப்புக்காக இருவர் இருவராகத்தான் போக வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறோம், எப்போது கிளம்புவோம் என்பதை மிஷன் வீட்டுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

கூடம் திறப்பது இதற்கெல்லாம் பிறகு. விதி கேட்ட ஒன்றரை மீட்டர் இடைவெளியைத் தரையில் போட்டுப் பார்த்தால்தான் கூடம் எவ்வளவு சுருங்குகிறது என்பது தெரியும். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். முன்னால் மேடைக்கு 3 மீட்டர், பின்னால் வாசலுக்கு 1 மீட்டர் விட்டால் மிச்சம் 8 மீட்டர். அதில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக ஆறு வரிசை. ஒரு வரிசையில் ஐந்து நாற்காலி. மொத்தம் 30. ஒரே வீட்டுக்காரர்களைச் சேர்த்து உட்காரவைத்து, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் மட்டும் இடைவெளி விட்டால் நாற்பதைத் தாண்டலாம். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். தரையில் ஒட்டும் நாடாவால் குறி போடுங்கள், சுண்ணக்கட்டி ஒரே ஆராதனையில் காலில் ஒட்டிப் போய்விடும். மிஞ்சியவர்களுக்கு இரண்டாவது ஆராதனை. இடையில் முக்கால் மணி நேரம் கூடம் காலியாக, கதவு சன்னல் எல்லாம் திறந்தபடி கிடக்க வேண்டும்.

இடைவெளியைவிடக் காற்றுதான் முக்கியம் என்பதைப் பலர் தாமதமாகவே ஒப்புக்கொண்டார்கள். எதிரெதிர் சுவர்களில் இரண்டு சன்னலாவது திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும். தரை விசிறியைச் சன்னலுக்கு முதுகு காட்டி உள்நோக்கி வைப்பதை விட, ஒரு சன்னலில் வெளிநோக்கி வைத்தால் பழைய காற்று வெளியேறும். மூச்சுக்காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கரியமில வாயு அளவி ஒன்று வாங்கி வையுங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவில் காட்டும். உள்ளே 800-க்குள் இருந்தால் நல்லது. 1000-ஐத் தாண்டினால் பிரசங்கத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் எல்லோரையும் வெளியே அனுப்பலாம். ஜூலையில் குளிருகிறது என்று பின்வரிசை ஆட்கள் சன்னலைச் சாத்துவார்கள். சால்வை கொண்டுவரச் சொல்லி முந்தின நாளே செய்தி அனுப்புங்கள். அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெடிங் வந்தால் விசிறி நின்றுவிடும். அந்த அட்டவணையைப் பார்த்து ஆராதனை நேரத்தை மாற்றுங்கள், அல்லது முற்றத்தில் பந்தல் போட்டுவிடுங்கள். டர்பனின் குளிர்காலம் மழை குறைந்த காலம் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளி ஆராதனை நன்றாகவே நடக்கும்.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்த 61 பேரில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள். இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் உரக்கப் பாடுவது எவ்வளவு பரப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் தமிழ்ச் சபையில் பாட்டை நிறுத்தினால், ஆயாக்களுக்கு மிச்சமிருக்கும் தமிழே நின்றுபோகும். நடைமுறையில் வேலை செய்தது இதுதான்: உள்ளே ஒருவர் மட்டும் மைக்கில் பாட, மற்றவர்கள் கைத்தாளம். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து இரண்டு கீர்த்தனை. வரம்புகள் தளர்ந்தபின் முகக்கவசத்தோடு உள்ளே பாடலாம் என்றாயிற்று. அப்போதும் முற்றத்துப் பாட்டை யாரும் விடவில்லை. மைக்கின் பஞ்சுறையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும்.

திருவிருந்துக்குப் பொதுக் கிண்ணம் வேண்டாம். 40 துளையுள்ள தட்டில் சிறு கோப்பைகள். ஒன்றுக்கு 8 மில்லி வீதம் ஊற்றினால் ஒரு லிட்டர் திராட்சைச் சாறு 120 கோப்பைக்கு வரும். மூக்குள்ள பிளாஸ்டிக் குப்பியால் ஊற்றினால் சிந்தாது. அப்பத்தைச் சமையலறையிலேயே நறுக்கி, கோப்பைக்குப் பக்கத்தில் தனித்தனித் தாளில் வைத்துவிடலாம். ஒருவர் மட்டும், கைகழுவி முகக்கவசத்தோடு, பரிமாறட்டும். காணிக்கைத் தட்டு கைமாறாமல் வாசலில் ஒரு பெட்டி. வருகைப் பதிவேட்டில் பெயர், தொலைபேசி எண் மட்டும். 2021 ஜூலை முதல் தனியுரிமைச் சட்டம் முழுமையாக அமலில் இருப்பதால் அந்த ஏடு மேசையில் திறந்து கிடக்கக் கூடாது.

சுத்தம் செய்ய விலையுயர்ந்த தெளிப்பான்கள் தேவையில்லை. இங்கே கிடைக்கும் ஜிக் 3.5 சதவீத ப்ளீச். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி, அதாவது 30 மில்லி, கலந்தால் 0.1 சதவீதக் கரைசல். நாற்காலிக் கைப்பிடி, கதவுப் பிடி, கழிப்பறைக்கு அது போதும். அன்றன்று கலக்க வேண்டும். நேற்றைய கரைசலில் வீரியம் இருக்காது. வினிகரோடோ அமோனியா உள்ள சோப்போடோ கலந்தால் நச்சுப் புகை வரும். பித்தளைச் சிலுவையிலும் ஹார்மோனியத்திலும் ப்ளீச் படக் கூடாது, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திரும்ப வேண்டியது பந்திச் சாப்பாடு. பருப்பு சேர்ந்த டர்பன் பிரியாணியைப் பெரிய பானையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பதைத்தான் ஜனங்கள் அதிகம் ஏங்கினார்கள். மூடியுள்ள பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் முதியவருக்கும் போய்ச் சேரும், கூட்டமும் கலையும்.

வராதவர்களுக்கு நேரலை என்று முதலில் எல்லோரும் காணொளிக்குப் பாய்ந்தார்கள். ஒரு மணி நேரக் காணொளி முந்நூறு, நானூறு எம்பி இழுக்கும். ஒரு ஜிபி டேட்டா 85 ராண்ட் அளவில் விற்ற அந்தக் காலத்தில் ஓய்வூதியக்காரருக்கு அது கட்டுப்படியாகவில்லை. மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு அரை எம்பிக்குள் முடியும். ஒரு வசனம், ஒரு ஜெபம், ஒரு தமிழ்ப் பாட்டின் இரண்டு சரணம். காலை ஆறரைக்கு அனுப்பினால் எட்டுக்குள் பதில்கள் வந்துவிடும். பதில் வராத எண்ணை அன்றே கூப்பிட வேண்டும்.

குழுவைப் பற்றி. மிஷன் வேனில் 14 இருக்கை இருந்தாலும் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றவில்லை. மினிபஸ் டாக்சிகளுக்கு அரசு சொன்னபடி இரு பக்கமும் சன்னல் ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்க வேண்டும். மழையிலும்தான். 2022 பிப்ரவரி முதல், தொற்று உறுதியானவர்களில் அறிகுறி உள்ளவருக்கு ஏழு நாள் தனிமை, அறிகுறி இல்லாதவருக்கு எதுவும் இல்லை என்று விதி தளர்ந்தது. முதியோர் வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தளர்வை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிகுறி இல்லாவிட்டாலும் ஏழு நாள் வீட்டில், பத்தாம் நாள் வரை முகக்கவசம். அதற்காக மிஷன் வீட்டில் தனிக் கழிப்பறையுள்ள ஓர் அறை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கு வந்தது நான்கு பேருக்கு வரும், இரண்டு வார ஊழியம் நின்றுபோகும்.

இளையவர்களுக்கு வீட்டு நினைப்பு அதிகம். இரண்டு வருடம் ஊருக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் உண்டு. ஊர் நேரம் இங்கிருந்து மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. மாலை ஆறரைக்குள் கூப்பிட்டால்தான் அம்மா விழித்திருப்பார். ஆகவே அந்த நேரத்தில் குழுக் கூட்டம் வைக்காதீர்கள். திங்கள்கிழமை முழு ஓய்வு. போன் சந்திப்புகூட வேண்டாம்.

விசாவை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதற்கு அந்த ஆண்டுகளில் காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று, மார்பு எக்ஸ்ரே அறிக்கை, இங்குள்ள சபையின் கடிதம் எல்லாம் கேட்டார்கள். சான்றுகள் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக இருக்க வேண்டியிருந்தது. பதினெட்டு வயதுக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அப்போது காவல் சான்று கேட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். விமானச் சீட்டு தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். 2021 நவம்பரில் ஒமிக்ரானை இந்த நாடு கண்டுபிடித்து அறிவித்த உடனே பல நாடுகள் விமானங்களை நிறுத்தின. ஆளுக்கு ஒரு மாதச் செலவு கைவசம் இல்லாத குழு அப்போது திண்டாடியது.

பேரிடர் நிலை முடிந்து ஒரு வாரத்தில், 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில், டர்பன் இருக்கும் குவாசூலு-நத்தால் மாகாணத்தில் பெய்த மழை நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அது பாடுகளின் வாரம். 15-ஆம் தேதி பெரிய வெள்ளி, அதற்கு முந்தின நாள் தமிழ்ப் புத்தாண்டு. பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் திருவிழாக் கூட்டம் கூடுவது பழைய வழக்கம், இரு பக்கத்து உறவினர்களும் அன்று அலைவார்கள். அந்த வருடம் எல்லோருமே தண்ணீருக்கு அலைந்தார்கள். டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, அந்தப் பகுதியில் மாதக்கணக்கில் குழாய் வறண்டது. கைகழுவுவதற்கென்று கூடத்துக்கு வாங்கிய கேன்களும் ஜிக்கும் சன்னல் ஓரம் போட்ட நாற்காலிகளும் அப்படியே நிவாரண மையத்துக்குப் பயன்பட்டன.

லாரித் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கும் முன் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஜிக், அதாவது 5 மில்லி. வாசனை சேர்க்காத சாதா ஜிக்தான். நன்றாகக் கலக்கி, மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க வைக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், சேற்றில் ப்ளீச் வேலை செய்யாது. 25 லிட்டர் கேன் 25 கிலோ கனக்கும். தனியாக இருக்கும் ஆயாவால் அதைச் சாய்க்கக்கூட முடியாது. அவர்களுக்கு ஐந்து லிட்டர் கேனில் ஊற்றி அடுப்பங்கரை வரை கொண்டுபோய் வைக்க வேண்டும். யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், யாருடைய வீடு சரிவில் இருக்கிறது என்பதெல்லாம் வீட்டுச் சந்திப்பு ஏட்டில் ஏற்கெனவே இருந்தால் தேடி அலைய வேண்டியதில்லை. மழைக்காலம் அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் அந்த ஏட்டைப் புதுப்பித்து, கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, இரண்டு குப்பி ஜிக்கைத் தேதி பார்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.